கடல் தாண்டி வந்த தீபாவளிகள்

இந்த வருஷமும் தீபாவளி எங்கள் வீட்டுக்கு நான்கு தவணையாக வந்தது. விடிகாலை நாலு மணிக்கு நானும் என் மனைவியும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே, சிங்கப்பூரில் இருக்கும் மகள் குளித்து முடித்துப் புதுச்சேலை கட்டி வாட்ஸ்அப்பில் வந்து நின்றாள். அங்கே அப்போது மணி ஆறரை. சார்ஜாவில் இருக்கும் மகனுக்கு இரண்டரை மணி. அலாரம் வைத்து எழுந்து, "அப்பா, கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டான். அவனுக்கு அன்று வேலை நாள். சாயங்காலம்தான் நண்பர்கள் நாலு குடும்பம் ஒரே பிளாட்டில் கூடி, ஆளுக்கு ஒரு பலகாரம் செய்து கொண்டுவந்து கொண்டாடுவார்களாம். பாரிசில் இருக்கும் என் மாமா மகனுக்கோ இன்னும் தீபாவளியே பிறக்கவில்லை. அங்கே முந்தின நாள் இரவு பதினொன்றரை.

அரை மணி நேரத்தில் இத்தனையும் முடிந்தது. செல்போனை வைத்துவிட்டு வெந்நீர்ப் பானைப் பக்கம் போனபோது, இந்த அரை மணி நேரத்துக்கு ஒரு காலத்தில் எத்தனை மாதம் பிடித்தது என்று நினைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். 1972 முதல் 2010 வரை பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துத் தபாலாபீசுகளில் குமாஸ்தாவாக இருந்தவன். நம் ஊர்ப் பண்டிகைகளில் பாதி என் கவுண்டர் வழியாகத்தான் போயிருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். அப்பா காலமானதும் அம்மாவின் பிறந்த ஊரான அரியலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தோம். இங்கே வந்து தமிழ்ப் பள்ளியில் சேர்ந்தபோது, எண்பதை 'நாலு இருபது' என்று சொல்கிற பையன் என்று கேலி செய்யாதவர் இல்லை. இந்தப் பிரெஞ்சு எதற்கும் உதவாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தபால் இலாகாவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த எண்ணம் மாறியது. 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உலகத் தபால் ஒன்றியம் தொடங்கியபோது அதன் மொழியாகப் பிரெஞ்சை வைத்துக்கொண்டார்கள். இந்தியா 1876-ல் அதில் சேர்ந்தது. அதனால் நம் ஏர்மெயில் உறைகளில் ஒட்டும் நீலச் சீட்டில்கூட 'பார் அவியோன்' என்று பிரெஞ்சில் இருக்கும். 'விமானம் வழியாக' என்று அர்த்தம். எங்கள் போஸ்ட்மாஸ்டர் ஒருவர் அதை ஏதோ கம்பெனியின் பெயர் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. மேலதிகாரி அல்லவா!

நம் பக்கத்து ஜனங்கள் கடல் கடந்தது நேற்றைய கதை அல்ல. பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் கூட்டிப்போன காலம் ஒன்று இருந்தது. மானாவாரி நிலம், மழை பொய்த்தால் சோளமும் இல்லை கம்பும் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கு. 1938-ல் இந்திய அரசு மலேயாவுக்குக் கூலியாட்கள் போவதைத் தடைசெய்தது. அதற்குள் போனவர்கள் அங்கேயே வேர்விட்டுவிட்டார்கள். வெள்ளாற்றங்கரையில் லப்பைக்குடிக்காடு, அதுபோல வி.களத்தூர், இந்த ஊர்களிலிருந்து முஸ்லிம் பெருமக்கள் சிங்கப்பூர், மலேயா என்று வியாபாரத்துக்கும் வேலைக்கும் போனார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு அவர்கள் சொல்வது 'சபர்'. போனவர் சபராளி. அந்த ஒரு சொல்லில் போனவரின் தனிமை, வீட்டில் இருப்பவரின் காத்திருப்பு இரண்டுமே அடங்கிவிடுகின்றன.

'ரஜூலா' கப்பலை இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1926-ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் போய்வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின் எழுபதுகளில் ஓடியது 'எம்.வி. சிதம்பரம்'. இந்தச் சிதம்பரத்தின் பூர்வாசிரமம் பலருக்குத் தெரியாது. அது பிரான்சில் டன்கர்க் துறைமுகத்தில் கட்டப்பட்டு, 'பாஸ்தேர்' என்ற பெயரோடு ஓடிக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கப்பல். நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கிப் பெயரை மாற்றியது. அதில் வந்திறங்கியவர்களிடமெல்லாம், "உள்ளே எங்காவது பிரெஞ்சு எழுத்து மிச்சமிருக்கிறதா?" என்று கேட்பேன். ஒருவரும் கவனித்ததில்லை. அவர்கள் கவனமெல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கும் கோடாலித் தைலம், டைகர் பாம், டேப்ரிக்கார்டர் மேல். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் சென்னைக்கு வந்துகொண்டிருக்கும்போது தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். நம் நாட்டுப் பயணிகள் கப்பலில் சிங்கப்பூர் போய்வந்த காலம் அதோடு முடிந்தது.

கப்பல் காலத்தில் தீபாவளிக்குக் கடிதம் சேர வேண்டுமென்றால் ஆவணியிலேயே எழுத வேண்டும். அதாவது, இங்கே வீட்டில் தீபாவளிக்கு அதிரசம் சுடலாமா, முறுக்கு மட்டும் போதுமா என்று யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே அங்கே தோட்டத்தில் ஒருவன் 'தீபாவளியை நல்லபடியாகக் கொண்டாடியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்' என்று எழுதிவிடுவான். அவன் எழுதும்போது நடக்காதது, இவர்கள் படிக்கும்போது நடந்து முடிந்தது. எங்கள் தாத்தா தலைமுறையில் எல்லாக் கடிதமும் இப்படிக் காலம் தப்பித்தான் வந்தது.

அதைவிடக் கொடுமை, கடிதமே வராத வருஷங்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதன் பிறகு 1945 வரை மலேயாவிலிருந்து நம் பக்கத்துக்குத் தபாலும் இல்லை, பணமும் இல்லை. எங்கள் பாட்டி தெருவில் ஓர் அம்மாள் இருந்தாராம். கணவர் மலேயாத் தோட்டத்தில். மூன்று தீபாவளிக்கு அவர் தலையில் எண்ணெய் வைக்கவில்லை. வைத்தால் புருஷன் இருக்கிறான் என்று பொருள், வைக்காவிட்டால் இல்லை என்று பொருள், நான் எதைச் சொல்வேன் என்று பாட்டியிடம் கேட்டாராம். சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த அம்மாளுக்கு 1946-ல் ஒரு மணியார்டர் வந்தது. தபால்காரர் கொடுத்த பணத்தை எண்ணாமல், பாரத்தின் அடிச்சீட்டை மட்டும் கிழித்து வாங்கிக்கொண்டாராம். அதில்தானே அவர் பெயர் இருக்கிறது!

மணியார்டரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியாது. வெளிநாட்டுப் பணம் நேரே வராது. இடையில் ஓர் அலுவலகத்தில் ரூபாயாக மாற்றி, உள்நாட்டு மணியார்டர் பாரமாக எங்களுக்கு வரும். ரயிலில் அரியலூருக்கு வந்து இறங்கும் பைகளைப் பண்டிகை வாரத்தில் பிரிக்கும்போதே கை நடுங்கும், அவ்வளவு கனம். பெரம்பலூருக்கு ரயில் இல்லை, பஸ்ஸில்தான் தபால் போக வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் தபால்காரர்கள் இருட்டும்வரை சைக்கிள் மிதிப்பார்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் சாட்சிக்கு ஒருவர் வேண்டும். சாட்சிக்காரருக்குக் காப்பி, தபால்காரருக்கு இனாம். பத்து ரூபாய் இனாம் கொடுப்பவர் வீட்டில் பணம் நிறைய வந்திருக்கிறது என்று தெருவே கணக்குப் போட்டுவிடும்.

பண்டிகை சமயத்தில் நான் அஞ்சியது தந்திக்குத்தான். இலாகாவில் வாழ்த்துத் தந்திக்கு என்று தனிப் பாரம் இருந்தது. பூப்போட்டது, கலர் அச்சு. தீபாவளி வாழ்த்துக்கு ஒன்றாம் எண், கல்யாண வாழ்த்துக்கு எட்டாம் எண் என்று வாசகங்களுக்கு எண் வைத்திருந்தார்கள். எண்ணை மட்டும் அடித்தால் போதும், இங்கே முழு வாசகமாக எழுதிக் கொடுப்போம். இலாகா ஆசையாகத்தான் செய்தது. ஆனால் நம் கிராமங்களில் தந்தி என்றால் சாவு. பூப்போட்ட காகிதத்தைப் பார்த்ததுமே ஒப்பாரி வைக்கத் தொடங்கிய வீடு உண்டு. "அம்மா, இது வாழ்த்து, வாழ்த்து!" என்று கத்திக் கத்தித் தபால்காரருக்குத் தொண்டை கட்டும்.

1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் அரபு நாடுகள் திறந்துகொண்டன. அதற்குப் பிறகு நம் பக்கத்தில் எல்லாச் சாதி, எல்லா மதத்துப் பிள்ளைகளும் போனார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தீபாவளிக்கு அரசு விடுமுறை. வளைகுடாவில் கிடையாது. கேம்ப்பில் அடுக்குக் கட்டிலில் படுத்திருப்பவனுக்குத் தீபாவளியும் பொங்கலும் மற்றுமொரு வேலை நாள். வெள்ளிக்கிழமை விடுமுறையில் பத்துப் பேர் பணம் போட்டு ஆட்டுக்கறி வாங்கி, அதில் யாருக்குச் சமைக்க வருமோ அவரைச் சமைக்கவைத்து, அன்றைக்குத்தான் தீபாவளி என்று வைத்துக்கொள்வார்கள். வரதராசன்பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் லப்பைக்குடிக்காட்டுப் பிள்ளைகளும் இதில் சேர்ந்தே இருந்திருக்கிறார்கள். ஊரில் இருந்தால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் பலகாரம்தான் கொடுத்தனுப்பியிருப்பார்கள். அங்கே ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் கேசட் வந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு அது பெரிய வரம். ஒரு பக்கம் முழுக்கக் கணவன் பேசி அனுப்புவான். மறுபக்கத்தை அழித்து இவர்கள் பேசி அனுப்புவார்கள். நடுவில் சேவல் கூவும், குழந்தை அழும், பட்டாசு வெடிக்கும். பட்டாசுச் சத்தத்தை வேண்டுமென்றே பதிவுசெய்து அனுப்பச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். கேசட் சொந்தக்காரர்கள் கையில்தான் வரும், போகும். எங்கள் இலாகாவுக்கு அதில் வருமானம் இல்லை. உண்டியல்காரர்கள் வந்த பிறகு மணியார்டரும் குறைந்தது. அது சட்டவிரோதம்தான். ஆனால் காலையில் துபாயில் கொடுத்தால் மாலையில் வீட்டு வாசலில் பணம் நிற்கும்போது, சட்டம் பேசும் தபால் குமாஸ்தாவை யார் மதிப்பார்கள்?

விலாசக் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம். 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி தனி. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் நான்கு தடவை மாவட்டம் மாறியவர்கள் அரியலூர்க்காரர்கள். சவூதியில் இருப்பவர் எந்த மாவட்டம் என்று எழுதுவார்? 1972-ல் வந்த பின்கோடுதான் காப்பாற்றியது. அரியலூர் என்றால் 621704. அது மாறவே இல்லை.

வெளிநாட்டில் பண்டிகை கழித்தவர் என்றால், எதிர்த்திசையில் வந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலோடு பெயர் சேர்ந்திருக்கும் வீரமாமுனிவர். இத்தாலியில் காஸ்திலியோனேயில் 1680-ல் பிறந்தவர், முப்பது வயதில் இங்கே வந்தார். 1747-ல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. கொள்ளிடக்கரையில் கிறிஸ்துமஸ் இரவில் அவர் தன் தாயை நினைத்திருக்க மாட்டாரா? அவருக்கு ஏரோகிராம்கூட இல்லை.

இனி என் கதை. என் தாய்மாமா சைகோனில் இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அங்கே அரசு உத்தியோகத்தில் நிறைய இருந்தார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். முஸ்லிம்கள் ஜவுளி வியாபாரம் செய்து, 1935-ல் ஒரு பள்ளிவாசலும் கட்டினார்கள். மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் இன்றும் இருக்கின்றன. 1962 ஆகஸ்ட் 16-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது மாமா பிரெஞ்சுக் குடியுரிமையை விடவில்லை. அப்பா இந்தியாவே போதும் என்றார். அப்போதிருந்து மாமாவுக்கும் எங்களுக்கும் இடையே பாக்கியிருந்தது வருஷத்துக்கு ஒரு கடிதம். மேலே 'போன் அன்னே' என்று பிரெஞ்சில் புத்தாண்டு வாழ்த்து, கீழே தமிழில் பொங்கல் வாழ்த்து. பிறகு பிரான்சுக்குக் குடிபோய்விட்டார்.

இந்தச் சைகோன் சம்பந்தத்தால்தான் ஆபீசில் ஒரு வேலை என் தலையில் விழுந்தது. எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்லாமல் விடுகிறேன். அந்தக் கிராமத்துப் பிள்ளை ஒருவர் காரைக்கால் முதலாளியோடு சைகோன் ஜவுளிக்கடைக்குப் போயிருந்தார். அவருடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் எழுதிக் கொடுப்பேன், வருவதைப் படித்தும் காட்டுவேன். 1974 தீபாவளிக்கும் எழுதினோம். வழக்கமாக வரும் பணம் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. சித்திரையில் எங்கள் கடிதமே திரும்பி வந்தது. உறையின் மேல் பென்சிலால் ஐந்து எழுத்து.

அது எந்த நேரம் தெரியுமா? 1975 ஏப்ரல். ரேடியோவைத் திறந்தால் சைகோன். டீக்கடையில் சைகோன். எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட இன்றைக்கு விழுமா, நாளைக்கு விழுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரர் உறையை வாங்கிப் பார்த்தார். "பார்ட்டின்னு எழுதியிருக்கான். கடைசி எழுத்தைத் தப்பாப் போட்டுட்டான்" என்றார். எங்கள் இலாகாவில் ஆள் இல்லாத கடிதத்தின் மேல் 'பார்ட்டி லெஃப்ட்' என்று எழுதுவது வழக்கம். அதனால் அவருக்கு அப்படித் தோன்றியது. அது பிரெஞ்சு, 'பார்த்தி'. போய்விட்டார் என்று அர்த்தம். திரும்பும் கடிதங்களுக்குப் பிரெஞ்சில் வேறு சொற்களும் உண்டு. ஆள் தெரியாது என்பதற்கு ஒன்று, இறந்துவிட்டார் என்பதற்கு ஒன்று. இறந்துவிட்டார் என்றால் 'தெசெதே' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நம் தமிழில் 'போய்ட்டாரு' என்பதுபோலவே, பேச்சில் 'பார்த்தி' என்பதைச் செத்தவருக்கும் சொல்வதுண்டு. காரைக்காலில் அப்பா இறந்தபோது எங்கள் ஆசிரியர் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்.

ஆயா கவுண்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. "என்னாப்பா எழுதியிருக்கு?"

"பார்ட்டின்னு போட்டிருக்கு ஆயா" என்று முந்திக்கொண்டார் நண்பர்.

"அங்கேருந்து கிளம்பிட்டாராம் ஆயா" என்றேன் நான்.

"பார்ட்டிக்குக் கிளம்பிட்டானா?"

எனக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அது உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டது. அந்த மாதக் கடைசியில் சைகோன் விழுந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் வந்து கவுண்டரில் கை வைத்து நிற்கும். நான் இல்லை என்று கையாட்டுவேன். சில நாள் அது வருவதைப் பார்த்து ரெக்கார்டு ரூமுக்குள் போயிருக்கிறேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஐப்பசியில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், தாய்லாந்துத் தபால்தலையோடு ஓர் ஏரோகிராம் வந்தது. அந்தப் பிள்ளையின் கையெழுத்து. கவுண்டரை மூடிவிட்டுத் தபால்காரரோடு நானும் சைக்கிளில் போனேன். திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். சைகோனில் முதலாளி கடையைக் கட்டியதும் 1974-லேயே பாங்காக் போய்விட்டாராம். ஒரு வருஷமாகச் சரியான வேலை இல்லை. அங்கே சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நவராத்திரியில் அம்மன் தெருவில் ஊர்வலம் வரும். அந்தக் கூட்டத்தில் நம் பக்கத்து ஆட்கள் சிலரைப் பார்த்துச் சிநேகமாகி, அவர்கள் அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறாராம். தீபாவளிக்கு அவர்களோடுதான். ஏன் எழுதவில்லை என்பதற்கு ஒரே வரி: பணம் அனுப்ப முடியாமல் தீபாவளிக்கு வெறும் கடுதாசி எப்படிப் போடுவது என்று இருந்துவிட்டேன்.

எத்தனையோ வீட்டுக் கடிதங்களைப் படித்தவன் நான். வெளிநாட்டுப் பிள்ளைகள் மௌனமானதற்கு இந்த ஒரு காரணத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் என்னவெல்லாமோ நினைத்துக்கொள்வார்கள்.

ஆயா அழவில்லை. உடனே பதில் எழுதச் சொன்னது. மறுநாள் ஏரோகிராம் வாங்கி, கவுண்டரிலேயே வைத்து எழுதினேன். ஏரோகிராமில் இடம் கொஞ்சம்தான். ஆடு குட்டி போட்டது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பது, மழை பெய்தது எல்லாம் எழுதி முடித்து, "வேற என்ன ஆயா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தது.

"பாங்காக்குக்கு முன்னால அந்தப் பார்ட்டின்ற ஊருல இருந்தான்ல, அங்க சோறு தண்ணி ஒழுங்காக் கெடைச்சுச்சான்னு கேளுப்பா."

மடிக்கும் ஓரத்தில் பொடி எழுத்தில் அதையும் எழுதி ஒட்டினேன்.